கோவையில் ஒரு ‘ஆன்டிபயாடிக் இல்லாத’ கோழிக்கடை: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

தோல் உரித்த கறிக்கோழி கிலோ 380 ரூபாய். அதே ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனை பாய் கடையில் 250. இந்த 130 ரூபாய் வித்தியாசத்துக்கு அப்படி என்னதான் தருகிறார்கள் என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகப் பேச்சு. ஒரு பெரிய மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்த மாதிரிக் கேள்விகள் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். குழுவில் பதில் போட்டால் நாலு வரியில் முடிக்க வேண்டும். இது நாலு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

கடை வடவள்ளிப் பக்கம். பெயர் வேண்டாம். இதே வாசகம், இதே பச்சை நிறப் பாக்கெட்டோடு கோவையில் இப்போது நாலைந்து கடைகள் திறந்துவிட்டன. நான் சொல்வதில் முக்கால்வாசி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே ஒரு ஈ கிடையாது. கறியைக் கொக்கியில் தொங்கவிடவில்லை. குளிர்பெட்டிக்குள் தட்டுகளில் அடுக்கியிருக்கிறார்கள். பெட்டியின் வெப்பநிலை வெளியே தெரிகிறது. நான் போனபோதெல்லாம் 4 டிகிரிக்குள்தான் இருந்தது. பாக்கெட்டில் அறுத்த தேதி மட்டுமல்ல, நேரமும் போட்டிருக்கிறது. துண்டு சீராக வெட்டித் தருகிறார்கள், எலும்புச் சிதறல் இல்லை. வீட்டில் பள்ளிபாளையம் சிக்கன் செய்தேன். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கும்போது கறி தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிடவில்லை; பிசிறாமல் வெந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, “கறி நல்லாத்தான் இருக்கு, வெலதான் நல்லால்ல” என்றார். ருசி பற்றி எனக்கு வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்தப் போர்டுக்கு வருகிறேன். வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஹார்மோன் இல்லை, கெமிக்கல் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, பரிசோதனைக்கூடச் சான்று உண்டு.

ஹார்மோன் இல்லை என்பது உண்மை. பாய் கடைக் கோழியிலும் இல்லை. கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது நம் ஊரில் யாராலும் அழிக்க முடியாத வதந்தி. கொட்டகையில் இருக்கிற ஐயாயிரம் கோழிக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடக் கட்டுப்படியாகுமா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நாற்பது நாளில் இரண்டு கிலோ வருவது பல தலைமுறையாக இனம் பிரித்துத் தேர்ந்தெடுத்த வளர்ப்பாலும் தீவனத்தாலும். யாரிடமுமே இல்லாத ஒன்றைத் தன்னிடம் மட்டும் இல்லை என்று எழுதிக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கெமிக்கல் இல்லை என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், உப்பும் கெமிக்கல்தான்.

மூன்றாவது வாசகம்தான் விஷயம். கல்லாவில் இருந்த தம்பியிடம் சான்றைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். அதற்கு ஒரு மார்க். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை. டெட்ராசைக்ளின் வகை, என்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா வகை, டைலோசின் என்று வரிசையாக மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கண்டறியப்படவில்லை’. தேதியைப் பார்த்தேன், ஏழெட்டு மாதம் பழையது. நான் வாங்கிய பாக்கெட்டின் பேட்ச் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைக்கு ஒரே ஒரு அறிக்கை, அதையே லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள்.

நாள் பழையது என்பதை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் பல்லடம் போக வேண்டும்.

பல்லடம் பக்கம் என் சித்தி மகன் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். வைத்திருக்கிறான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். “அக்கா, குஞ்சும் அவங்களுது, தீவனமும் அவங்களுது, மருந்தும் அவங்களுது. என்னுது கொட்டகையும் கரண்டு பில்லுந்தான்” என்பான். ஒப்பந்தப் பண்ணை. கம்பெனி குஞ்சு இறக்கும், சூப்பர்வைசர் வந்து பார்ப்பார், வளர்ந்ததும் கம்பெனியே வண்டி அனுப்பிப் பிடித்துப் போகும். இவனுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. குஞ்சுகள் சளி பிடித்துக் கொர் கொர் என்றால் சூப்பர்வைசர் ஒரு மருந்தை எழுதிக் கொடுப்பார், அது குடிநீர்த் தொட்டியில் கலக்கப்படும். கொட்டகையில் ஐம்பது கோழிக்குச் சீக்கு என்றாலும் ஐயாயிரமும் குடிக்கும். இதில் ஒரு கொடுமை, சீக்கு வந்த கோழி தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். மருந்து தேவைப்படுகிற கோழிக்கு அளவு பத்தாது, தேவைப்படாத கோழிக்கு வயிறு நிறைய. பாக்டீரியாவைக் கொல்லாமல் பழக்கிவிட இதைவிடத் தோதான ஏற்பாட்டை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கோழி பிடிப்பதற்குச் சில நாள் முன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் கோழியின் உடம்பிலிருந்து மருந்து வெளியேறிவிடும். அந்தக் கறியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் வரும். என் சித்தி மகனுடைய கோழிக்கும் அப்படித்தான் வரும். அது பாய் கடைக்கும் போகிறது, இன்னும் எங்கெங்கோ போகிறது.

கறியில் மருந்தின் எச்சம், அதாவது மிச்சம், இருக்கிறதா என்று சோதிப்பது வீண் வேலை என்று சொல்லவில்லை. 2014இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அந்த வட்டாரத்தில் வாங்கிய 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஏதாவதொரு மருந்தின் எச்சம் இருந்தது. நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தவில்லை என்று அர்த்தம். அது இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் மருந்து போன பிறகும் அந்த மருந்துக்குப் பழகிய பாக்டீரியா கோழியின் குடலில் அப்படியே இருக்கிறது. அறுக்கும்போது கறி மேல் ஏறுகிறது. 4 டிகிரியில் தூங்குகிறது. சாகவில்லை. லேமினேட் செய்த அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்கு வேறு சோதனை: கறியிலிருந்து ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வளர்த்து, அதன் மேல் மருந்து ஊறிய சின்னக் காகிதத் தட்டுகளை வைத்து, எந்த மருந்தைச் சுற்றி பாக்டீரியா வளராமல் வெற்று வட்டம் விழுகிறது என்று அளக்க வேண்டும்; வட்டம் அகலமாக இருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். என் பணிக்காலம் முழுக்க நான் செய்தது அந்த வேலையைத்தான், கோழிக்குப் பதில் மனிதர்களின் சிறுநீரிலும் ரத்தத்திலும். மியூலர் ஹின்டன் அகார் என்ற, பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லியில் மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்து அளப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் தட்டைச் சுற்றி அகலமான வட்டம் தெளிவாகத் தெரியும். ஓய்வு பெறும்போது சாதாரணச் சிறுநீர்த் தொற்றோடு வரும் வீட்டுப் பெண்களின் மாதிரியிலேயே தட்டை ஒட்டி பாக்டீரியா மண்டிக் கிடப்பதைப் பார்ப்பது வாடிக்கையாகிவிட்டது.

இதற்கெல்லாம் கோழிதான் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கி மூன்று நாள் விழுங்குகிற நாமும், வருகிற எல்லாக் காய்ச்சலுக்கும் ஊசி போடுகிறவர்களும் பெரிய பங்காளிகள். ஆனால் கோழிக்கும் பங்கு உண்டு. அது எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் விட்டதே இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லெவி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு குடும்பத்தின் பண்ணையில் சுமார் 300 கோழிகளை விட்டார். பாதிக்குச் சாதாரணத் தீவனம், பாதிக்குக் கொஞ்சமாக ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் கலந்த தீவனம். அந்தக் காலத்தில் அது அங்கே வழக்கம்தான். 1950 வாக்கிலேயே ஆன்டிபயாடிக் கலந்தால் கோழி சீக்கிரம் எடை போடுகிறது என்று கண்டுபிடித்துத் தீவனத்தில் போட ஆரம்பித்திருந்தார்கள். சில வாரங்களுக்குள்ளேயே மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடலில் டெட்ராசைக்ளினுக்கு அடங்காத பாக்டீரியா நிறைந்துவிட்டது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தீவனத்தில் போட்டது ஒரே மருந்து. சில மாதங்களில் அதே பாக்டீரியாக்கள் தீவனத்தில் போடாத வேறு மருந்துகளுக்கும் அடங்காமல் போயின. ஐந்தாறு மாதத்தில் பண்ணையில் வாழ்ந்தவர்களின் மலத்திலும் அடங்காத பாக்டீரியா பெருகியிருந்தது. அவர்கள் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் அப்படி ஆகவில்லை. 1976இல் இது வெளிவந்தது. மருந்துத் தீவனத்தை நிறுத்திய பிறகு ஆறு மாதத்தில் பெரும்பாலானவர்களிடம் அது குறைந்தும் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போடாத மருந்துக்கு எப்படி எதிர்ப்பு வந்தது? பாக்டீரியாவின் முக்கிய மரபணுத் தொகுப்புக்கு வெளியே, பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் தனியாக இருக்கும். எதிர்ப்பு மரபணுக்கள் பல சமயம் அதில்தான் இருக்கும், ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரிசையாக. பரீட்சை ஹாலில் பிட் கைமாறுகிற மாதிரி இது ஒரு பாக்டீரியாவிலிருந்து அடுத்ததற்குப் போகும். ஒரு வித்தியாசம், கொடுத்தவனிடமும் ஒரு பிரதி இருக்கும். வாங்குகிறவன் அதே வகுப்பாக இருக்கவும் வேண்டியதில்லை; கோழியின் ஈ.கோலை, மனிதக் குடலில் இருக்கும் கிளெப்சியெல்லா என்ற வேறு பாக்டீரியாவுக்குக் கொடுக்கலாம். ஒரே வளையத்தில் நாலு மருந்துக்கான எதிர்ப்பு இருந்தால், அந்த நாலில் எந்த ஒன்றைத் தீவனத்திலோ தண்ணீரிலோ போட்டாலும் நாலும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும்.

இதனால்தான் நான் கடைத் தம்பியிடம் சான்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேள்வி கேட்டேன். பண்ணையில் மருந்தே கொடுப்பதில்லையா, அல்லது கடைசியில் நிறுத்திவிடுகிறீர்களா?

“எங்க பண்ணைல ஆன்டிபயாடிக் யூஸே பண்றதில்லீங்கம்மா.”

“சரி தம்பி, கோழிக்குச் சீக்கு வந்தா?”

“வராதுங்கம்மா.”

சீக்கே வராத பண்ணை பல்லடத்திலும் இல்லை, பாரிஸிலும் இல்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவரே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அங்கே பேசியவர் நேர்மையாகவே பேசினார். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடுவதில்லை. நோய் வந்தால் கால்நடை மருத்துவர் சொல்படி கொடுப்போம், நாள் கணக்குப் பார்த்து நிறுத்திவிடுவோம், கறியில் எச்சம் இருக்காது. நியாயமான பதில். நோய் வந்த கோழியை மருந்து கொடுக்காமல் சாகவிடச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் போர்டில் இருப்பது இது இல்லையே. ‘தேவைக்கு மட்டும் மருந்து, கறியில் எச்சம் இல்லை’ என்று எழுதினால் நான் முழு மார்க் போடுவேன். அப்படி எழுதினால் 380 ரூபாய்க்குப் போகாது என்று அவர்களுக்குத் தெரியும்.

குஞ்சு எங்கிருந்து வருகிறது, பொரிப்பகத்தில் என்ன போடுகிறார்கள் என்றும் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. இதை ஏன் கேட்டேன் என்றால், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்த கதை அப்படி. அங்கே பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு வந்தார்கள். மனிதர்களுக்குத் தருகிற செஃப்ட்ரையாக்சோனின் நெருங்கிய சொந்தம் அது. கடையில் விற்கும் கோழியிலும், ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளிடமும் அந்த வகை மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா என்ற வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியா ஒன்றாக ஏறியது. 2005இல் பொரிப்பகங்கள் தாங்களாகவே ஊசியை நிறுத்தின. இரண்டு வரைகோடுகளும் ஒன்றாக இறங்கின. பிறகு ஓரளவு மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி ஏறியது. குஞ்சு கொட்டகைக்கு வருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பற்றியும் கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர், “அது பேன் ஆயிடுச்சுங்களே” என்றார். ஆமாம். 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு எல்லாவற்றுக்கும் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அதற்கு முன்பு கோழித் தீவனத்தில் எடை கூட்டுவதற்காக அதைக் கலந்துகொண்டிருந்தார்கள். ஐசியூவில் இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் வளர்ந்த கிளெப்சியெல்லா எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுப்பது இந்தக் கொலிஸ்டினைத்தான், சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று தெரிந்தே. எங்கள் ஆய்வகத்தில் அதைத் தட்டு வைத்துச் சோதிக்கவும் முடியாது. அந்த மூலக்கூறு அகாரில் சரியாகப் பரவாது, திரவத்தில் படிப்படியாக நீர்த்துத்தான் பார்க்க வேண்டும். ராத்திரி டியூட்டியில் அந்த முடிவுக்காக ஐசியூவிலிருந்து விடாமல் போன் வரும். அந்த மருந்தை, கோழி இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டும் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரியும்.

2015 நவம்பரில் சீன ஆராய்ச்சியாளர்கள் எம்.சி.ஆர்-1 என்ற கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவைப் பற்றி எழுதினார்கள். அதுவரை கொலிஸ்டின் எதிர்ப்பு பாக்டீரியாவின் சொந்த மரபணுவில் நடக்கும் மாற்றமாக, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போவதாக இருந்தது. இது பிளாஸ்மிட்டில் இருந்தது. பன்றிகளில், கடைக் கறியில், ஆஸ்பத்திரி நோயாளிகளில் என்று மூன்று இடத்திலும் கிடைத்தது. சீனா 2017இல் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. அதன் பிறகு பன்றிகளிலும் மனிதர்களிலும் அது குறைந்தது என்று அவர்களே பிறகு அளந்து காட்டினார்கள். ஆகவே தடை வேலை செய்யும். நம் தடை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று இந்தக் கடையின் அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் பட்டியலில் கொலிஸ்டின் பெயரே இல்லை.

எங்கள் குழுவில் இருக்கும் சைவக்காரர்கள் இந்த விவாதம் நடந்தபோது ‘நமக்கென்ன’ என்று கைகூப்பும் பொம்மை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டகைத் தரையில் விரிக்கிற தேங்காய் மஞ்சி, கோழி எச்சத்தோடு சேர்ந்து எருவாகி லாரி லாரியாகத் தோப்புக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் போகிறது. நன்றாக மக்க வைத்தால் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும். ஆனால் லாரி வந்தால் அப்படியே கொட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். ‘சென்னை பிரகடனம்’ என்று 2012இல் இந்தப் பிரச்சினைக்காக மருத்துவ அமைப்புகளை ஒன்றுசேர்த்த மருத்துவர் அப்துல் கஃபூரும் அவரோடு சேர்ந்தவர்களும் பிறகு சந்தையில் வாங்கிய உணவுப் பொருட்களைச் சோதித்தார்கள். கொலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா கோழியிலும் மீனிலும் மட்டும் கிடைக்கவில்லை, காய்கறியிலும் கிடைத்தது.

சரி, கடைக்குத் திரும்புவோம். போர்டை விட்டுவிட்டு, பாக்டீரியா என் வீட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்த்தால், இந்தக் கடையில் இரண்டு குறை, ஒரு நிறை.

முதல் குறை கையுறை. வெட்டுகிற பையன் நீல நிறக் கையுறை போட்டிருக்கிறார், பார்க்க நன்றாக இருக்கிறது. அதே கையுறையோடு கறியைத் தொடுகிறார், பில் மெஷினைத் தொடுகிறார், பக்கத்து அலமாரியிலிருந்து மயோனைஸ் டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் டப்பா மூடியில் கறி நீர். மயோனைஸை யாரும் வேக வைத்துச் சாப்பிடுவதில்லை. அடுத்த முறை போனபோது சொன்னேன். உடனே தனிப் பை கொடுத்தார், ஆனால் கையுறை மாறவில்லை. வெறுங்கையாக இருந்தால் அவ்வப்போது கழுவத் தோன்றும். கையுறை போட்டவருக்கு அது தோன்றுவதே இல்லை.

இரண்டாவது குறை வீட்டு டெலிவரி. மருமகள் செயலியில் ஆர்டர் போட்டாள். கறிப் பாக்கெட்டின் ஓரம் பிரிந்து, அதே பையில் இருந்த கொத்தமல்லிக்கட்டு முழுக்க ஊறிப்போய் வந்தது. புகார் கொடுத்தோம், பணம் முழுதும் திரும்ப வந்தது, வேகமாகவே. ஆனால் பதிலில் ‘பேக்கேஜிங் குறை’ என்று போட்டு, கறியைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று அறிவுரை வேறு. கறி கிடக்கட்டும், அந்தக் கொத்தமல்லியை என்ன செய்வது? குப்பையில் போட்டேன்.

நிறை என்னவென்றால், பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் ‘கழுவத் தேவையில்லை, நேரடியாகச் சமைக்கலாம்’ என்று இருக்கிறது. என்னைக் கேட்டால் வாசல் போர்டில் இருக்க வேண்டிய வரி இதுதான். நம் வீடுகளில் கோழி வாங்கி வந்ததும் மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து, குழாயைத் திறந்துவிட்டு நாலு தண்ணீர் கழுவினால்தான் மனசு ஆறும். அந்தத் தண்ணீர், பாத்திரம் கழுவும் தொட்டியைச் சுற்றி எங்கெல்லாம் தெறிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி போட வெங்காயம் நறுக்கி வைத்திருப்போம். கறி கொதித்து வேகிறபோது எதிர்ப்பு உள்ள பாக்டீரியாவும் மற்றதைப் போலவே செத்துவிடும். நம் சமையலில் கறி அரைவேக்காடாக இருப்பதே அபூர்வம். வழி அந்தப் பச்சடிதான், அந்தக் கத்திதான், அந்தத் தொட்டிதான். மஞ்சள் பிரட்டுவது ருசிக்கு நல்லது; பாத்திரத்திலேயே பிரட்டி அப்படியே அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

இப்படி உள்ளே போகிற ஈ.கோலையால் பெரும்பாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வாந்தி வராது, வயிறு கலங்காது. குடலில் சும்மா உட்கார்ந்திருக்கும், அல்லது தன் பிளாஸ்மிட்டை உள்ளூர் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேரும். சில மாதம் கழித்து ஒரு சிறுநீர்த் தொற்று வந்து, மாத்திரை கேட்காமல் போகும்போது யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோழியை நினைப்பதில்லை. அதனால்தான் இந்த விஷயத்துக்காக எந்தக் கோழிக்கடைக்கும் ஒற்றை ஸ்டார் விழுவதில்லை.

பாய் கடையோடு ஒப்பிடச் சொன்னார்கள். பாய் என் கண் முன்னால் அறுக்கிறார், கறி சூடாக இருக்கிறது, விலை குறைவு, மனுஷர் தங்கமானவர். ஆனால் கூண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று. மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டுக் கோழியின் தலையில். எல்லாக் கோழியும் ஒரே வெந்நீர் அண்டாவில் முங்கி, இறகு பிடுங்கும் ஒரே மெஷின் டிரம்மில் சுழல்கிறது. ரப்பர் விரல்கள் அழுத்துகிற அழுத்தில் குடலில் இருப்பது வெளியே வரும். முதல் கோழியின் பாக்டீரியா பத்தாவது கோழி வரைக்கும் போகும். புளியமரக் கட்டையைச் சாயங்காலம்தான் சுரண்டுகிறார். புதுக் கடையின் கறி எந்த மாதிரி மெஷினில் வருகிறது என்று நான் பார்க்கவில்லை, அறுப்பது வேறு இடத்தில். போர்டைப் பொறுத்தவரை பாய் நேர்மையானவர். அவர் கடையில் போர்டே கிடையாது.

நாட்டுக்கோழி வாங்கினால் தொல்லையில்லை என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். தோட்டத்தில் மேய்ந்த சிறுவிடை உங்கள் சொந்தக்காரர் வீட்டில் கிடைத்தால் வாங்குங்கள். கடையில் நாட்டுக்கோழி என்று விற்பதில் நிறைய, கொட்டகையில் அடைத்து வளர்த்ததுதான். மருந்து கலக்கிற தண்ணீர்த் தொட்டி அங்கேயும் உண்டு.

மார்க் போட்டுவிடுகிறேன். கறிக்கு ஐந்துக்கு நாலரை. குளிர்ச்சிக்கு ஐந்து. கையாளும் விதத்துக்கு மூன்று. டெலிவரிக்கு ஒன்றரை. போர்டுக்கு ஒன்று, அதுவும் அறிக்கையை மறைக்காமல் காட்டியதற்காக. நான் வாங்குகிறேனா என்றால், விருந்தாளி வரும் நாளில் வாங்குகிறேன். கழுவாமல் சமைக்கும்படி பாக்கெட்டாக வருவதற்கும் 4 டிகிரிக்கும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், 130 ரூபாய் அதிகம். மருந்தே தொடாத கோழி என்று நம்பி இந்தக் காசைக் கொடுக்கிறவர்கள், முதலில் அலுவலக எண்ணுக்குப் போன் போட்டு நான் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் பொரிப்பகக் கேள்விக்காவது பதில் வரும்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு மேல் வரிசை வாசலைத் தாண்டும். வண்டி நிறுத்த இடமில்லை. கறிக்கென்று தனிப் பை கொண்டு போங்கள், காய்கறிப் பையில் சேர்த்துப் போட விடாதீர்கள். ஈரல் வேண்டுமென்றால் எட்டரைக்குள் போக வேண்டும், அப்புறம் கிடைக்காது.